சீனக்குடாவில் விழுந்த விமானம்

கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ரயில் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைவிட்டுப் பிரிகிறது. கந்தளாய், தம்பலகாமம் வயல்களைக் கடந்து, கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் சீனக்குடாவில் நிற்கிறது. அந்தச் சின்ன நிலையத்தைச் சுற்றியுள்ள காட்டுக்குள் எண்ணூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இன்று 99 எஞ்சியுள்ளன. அவற்றுக்கிடையே ஒன்று மட்டும் உருகிச் சரிந்து, துருவேறி, இரும்புக் குவியலாகக் கிடக்கிறது. 91ஆம் எண் தாங்கி என்பார்கள். அனுமதி பெற்று உள்ளே போகிறவர்களுக்குச் சொல்லப்படும் கதை எப்போதும் ஒன்றுதான். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானம் ஒன்று வேண்டுமென்றே வந்து இதில் மோதியது. உள்ளே இருந்த மூவரும் உயிரைக் கொடுத்து எதிரியின் எண்ணெயை எரித்தார்கள். தீ ஏழு நாள் எரிந்தது. இரும்பு உருகியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த ‘வேண்டுமென்றே’யை எங்கே பார்ப்பது? போர்க்காலத்தில் ஒரு விமானம் விழுவதைத் தரையிலிருந்து பார்க்கும் சாதாரண மனிதனுக்கு உண்மையில் என்ன தெரிகிறது, மற்றவை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன என்ற கேள்வியோடு இலங்கையின் அந்த ஏப்ரல் மாதத்து இடங்களைச் சுற்றிவருவது பயனுள்ளது. விழுவதும் எரிவதும் கண் கண்டவை. யாருடைய விமானம், எப்படி அடிபட்டது, ஓட்டியவன் என்ன நினைத்தான் என்பவை பிறகு வந்து சேர்ந்தவை. இந்த இரண்டையும் பிரிக்காமல் அந்தப் போரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

சுற்றைக் கொழும்பில் தொடங்க வேண்டும், ஏனென்றால் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து, மார்ச் கடைசியில் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தன. ஏப்ரல் 4 மாலை, தெற்கே கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினா கடல் விமானம் ஒன்று அவற்றைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டது; அதன் தலைவர் லெனார்ட் பர்ச்சால் சிறைப்பட்டார். ஆக எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஆனாலும் மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை, சுமார் 125 விமானங்கள் நகரத்துக்கு மேலே வந்துவிட்ட பிறகுதான் இரத்மலானையில் நின்ற பிரிட்டிஷ் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஓடுதளத்தில் ஓடத் தொடங்கின. இன்னொரு ஹரிக்கேன் படைப்பிரிவு நகரத்தின் நடுவே குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மேலெழுந்தது. பந்தயத் திடலை அவசரமாக விமானத் தளமாக மாற்றியிருந்ததை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. இன்று அங்கே விளையாட்டரங்கும் கடைகளும் இருக்கின்றன. காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அந்தப் புல்வெளியிலிருந்து கிளம்பிய இளைஞர்களில் பலர் அரை மணி நேரத்துக்குள் வீழ்த்தப்பட்டார்கள் என்று எதுவும் உணர்த்தாது. உணர்த்த வேண்டும் என்று கட்டாயமும் இல்லை; நகரங்களுக்கு வேறு வேலை உண்டு.

கொழும்பு அன்று கண்டது நகரவாசிகள் முன்பு கண்டிராத காட்சி. தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றையொன்று துரத்தின, சில புகைந்துகொண்டு விழுந்தன. அதைப் பற்றிய நினைவுகள் பிட்டக்கோட்டை, ஹொரணை, காலிமுகத்திடல் என்று நகரிலும் சுற்றிலும் பல இடங்களில் தங்கியிருக்கின்றன. பெரும்பாலான நினைவுகளில் விழுந்தது ‘ஜப்பான்காரன் பிளேன்’. இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது. அந்தக் காலை ஜப்பானியர் இழந்தவை ஏழு விமானங்கள்தான். பிரிட்டிஷார் இழந்தவை, ஹரிக்கேன், ஃபுல்மார், ஸ்வார்ட்ஃபிஷ் எல்லாம் சேர்த்து, 27. ஜப்பானிய ஏழிலும் எல்லாம் தரையில்தான் விழுந்தன என்று கொள்ள முடியாது. கடல் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே அன்று கொழும்பைச் சுற்றி ஒரு விமானம் விழுவதைப் பார்த்தவர், பெரும்பாலும் தன்னைக் காக்க வந்த விமானம் விழுவதையே பார்த்திருக்க வேண்டும். அந்த 27இல் இருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களையாவது அடையாளம் காண்பது எளிது: இரட்டைச் சிறகு, துணி போர்த்திய உடல், மெதுவான ஓட்டம். ஆனால் மேகமூட்டத்துக்கிடையே வேகமாக விழும் ஹரிக்கேனையும் ஜப்பானியரின் ஜீரோவையும் கீழே நின்று பிரித்தறிவது பயிற்சி பெற்ற காவற்காரனுக்கே கஷ்டம். இரண்டும் ஒற்றை எந்திரம், ஒற்றைச் சிறகு. புகைக்குள் வட்டக் குறியின் நிறம் தெரிவதில்லை. தீயில் விழுவது எதிரியாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. கண் அந்த விருப்பத்துக்கு வழிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஜப்பானிய எழுத்துப் பொறித்த தகட்டைக் கையில் எடுத்தவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது அபத்தம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது அவருடைய சாட்சி தகட்டைப் பற்றியது. வயலில் கிடந்த இரும்பைக் குனிந்து பார்த்தவர் சொல்வதும், கூரைமேல் நின்று வானத்தைப் பார்த்தவர் சொல்வதும் ஒரே தரத்துச் சாட்சியங்கள் அல்ல. இரண்டையும் ‘நேரில் கண்டவர்’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதுதான் சிக்கல்.

படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள் இந்த விஷயத்தில் மேல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொழும்புத் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டிஷ் தரப்பு ஏறக்குறைய இருபது எதிரி விமானங்களை வீழ்த்தியதாக உரிமை கொண்டாடியது. சண்டையிட்ட விமானிகளும் பீரங்கிக்காரர்களும் நேரில் கண்டு கொடுத்த கணக்குதான் அது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூவரும் அது விழுவதைப் பார்த்திருப்பார்கள், மூவரும் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டினால் மூன்றாகிறது. 1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்துக்கு மேலே நடந்த சண்டையில் 185 ஜெர்மானிய விமானங்கள் வீழ்ந்ததாக லண்டன் அறிவித்தது. போருக்குப் பிறகு ஜெர்மானியப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது எண்ணிக்கை அறுபதைச் சுற்றியே நின்றது. ஜப்பானியரும் இந்தக் கலையில் சளைத்தவர்களல்லர். ஆகவே ‘ஜப்பான்காரன் பிளேன்’ விழுந்தது என்னும் ஊர்க்காரரின் நினைவைப் பற்றிச் சொல்லும்போது, அவர் பாமரர் என்பதால் தவறினார் என்ற தொனி கூடாது. அவர் மாற்றியிருந்தால், ஒரு விமானத்தின் தேசத்தைத்தான் மாற்றினார். அரசாங்கம் ஒரு டஜன் விமானங்களை உண்டாக்கியது.

மீண்டும் சீனக்குடாவுக்கு வருவோம். கொழும்பு தாக்கப்பட்ட நான்காம் நாள், ஏப்ரல் 9 காலை, நகுமோவின் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. இந்த முறை ரேடார் முன்கூட்டியே சொன்னது. ஹரிக்கேன்கள் மேலே காத்திருந்தன. ஆனால் எண்ணிக்கை போதவில்லை. துறைமுகத்தில் சாகைங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்துக் கைவிடப்பட்டது (இலங்கைக் கடற்படை அதை 2018இல் அடியிலிருந்து மேலே தூக்கியது). கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து பார்த்தால் சண்டையின் அமைப்பு இன்றும் புரியும். ஒரு பக்கம் திறந்த கடல், விமானங்கள் வந்த திசை; மறுபக்கம் உள்ளே மடிந்து மடிந்து போகும் துறைமுகம்; அதன் தூரத்து ஓரத்தில் விமானத் தளம், அதை ஒட்டி எண்ணெய்த் தாங்கிகள். ஊர்க்காரர்கள் நின்று பார்க்கக்கூடிய மேடு இதுதான். இங்கிருந்து நேர்க்கோட்டில் பல கிலோமீட்டர் அப்பால், தண்ணீரைக் கடந்து, புகைக்கு நடுவே விழும் விமானம் ஒரு கோடாகத்தான் தெரியும். கோடு வளைந்து வந்ததா, திருப்பப்பட்டு வந்ததா என்பதை இந்தத் தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தாங்கிகளுக்கு அருகிலேயே நின்றவர்கள் அந்த நேரத்தில் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்திருப்பார்கள்.

கதையில் நம்பத் தகுந்த பகுதிகள் உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. மூவர் என்ற எண்ணிக்கை பொருந்துகிறது: அன்று வந்த குண்டுவீச்சு விமானமான நகாஜிமா பி5என்னில் விமானி, வழிகாட்டி, வானொலிக்காரர் என்று மூவர்தான் செல்வார்கள். கதையைத் திருப்பிச் சொல்பவர்கள் சில நேரம் சொல்வதுபோல் அது சண்டை விமானமாக இருந்தால் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தாங்கி எரிந்தது என்பதற்கு உருகிய இரும்பே சான்று. ஆனால் ‘தற்கொலைத் தாக்குதல்’ என்ற விளக்கத்துக்குக் காலம் இடிக்கிறது. விமானத்தோடு மோதிச் சாவதைத் திட்டமிட்ட போர்முறையாக ஜப்பான் ஏற்றது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில், தோல்வி நெருங்கிய பிறகு. 1942 ஏப்ரலில் நகுமோவின் விமானிகள் வென்றுகொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்ற மூன்று பேரை ஓர் எண்ணெய்த் தாங்கிக்காக இழக்க எந்தத் தளபதியும் கட்டளையிட்டிருக்க மாட்டான். ஆகவே 1942இல் பார்த்த காட்சிக்கு, 1944க்குப் பிறகு உலகம் முழுவதும் பரவிய செய்தி பெயர் சூட்டியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான ஊகம். பழைய நினைவு புதிய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான்.

இங்கே எதிர்வாதி ஓய்ந்துவிட மாட்டார், ஓயவும் கூடாது. கட்டளை இல்லாமலும் மனிதன் முடிவெடுப்பான். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் கனியோஹே கடற்படை விமானத் தளத்தைத் தாக்கிய ஃபுசாட்டா ஈடா, எரிபொருள் கசிவதால் கப்பலுக்குத் திரும்ப முடியாது என்று கண்டதும் கூட்டாளிகளுக்குச் சைகை காட்டிவிட்டுத் தளத்தின் மீது பாய்ந்தார். அடிபட்ட பிறகு இலக்கைத் தேடி விழுவது அன்றைய ஜப்பானிய விமானிகளிடம் இருந்த மனப்போக்குதான். சீனக்குடாவிலும் அப்படி நடந்திருக்கலாம் அல்லவா? நடந்திருக்கலாம். ஆனால் ஈடாவின் விஷயத்தில் சைகையைப் பார்த்துத் திரும்பிச் சென்ற தோழர்கள் இருந்தார்கள். நோக்கத்துக்குச் சாட்சி வானத்தில் இருந்தது, தரையில் இல்லை. அப்போதும்கூட அவர் உண்மையில் குறிவைத்தது எதை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீனக்குடாவுக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானத் தளம் தாக்குதலின் இலக்கு. அதை ஒட்டியே ஏறக்குறைய நூறு பெரிய தாங்கிகள். பீரங்கியால் அடிபட்டு, விமானி உயிரோடோ இல்லாமலோ, அந்தப் பரப்புக்கு மேலே கட்டுப்பாடிழந்த விமானம் ஏதாவது ஒரு தாங்கியில் விழுவது அதிசயமில்லை. அப்படி விழுந்ததை எவரும் நிரூபித்துவிடவில்லை. எதிர்ப்பக்கமும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வரலாறாகச் சொல்வதுதான் தவறு.

இந்தக் கேள்வி பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி, அதே நாட்டில் 67 ஆண்டுகளுக்குப் பிறகு அது திரும்பி வந்தது. 2009 பிப்ரவரி 20 இரவு, விடுதலைப் புலிகளின் இரண்டு இலகு ரக விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தன. ஒன்று கட்டுநாயக்காப் பக்கம் வீழ்ந்தது. மற்றொன்று நகரத்தின் நடுவே உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. விமானப்படைத் தலைமையகம் அதற்கு அருகில். அரசு, பீரங்கிச் சூட்டில் அடிபட்டுத் தடுமாறி மோதியது என்றது. புலிகள், திட்டமிட்ட தற்கொடைத் தாக்குதல் என்றார்கள். தேடுவிளக்குகளும் குறிகாட்டும் குண்டுகளும் வானத்தைக் கீறிக்கொண்டிருந்ததை ஆயிரக்கணக்கானோர் மாடிகளிலிருந்து பார்த்தார்கள், பலர் கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். அந்தப் படங்கள் இரண்டு தரப்பில் எதையும் பொய்யாக்கவுமில்லை, மெய்யாக்கவுமில்லை. உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவர் என்பதும் சூட்டில் அடிபட்டவர் என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். கருவி கூடினால் காட்சி தெளிவாகும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். நோக்கம் எந்தக் கண்ணாடியிலும் பதிவதில்லை.

அப்படியானால் நேரில் கண்டவர்களின் சொல்லையே ஒதுக்கிவிடலாமா? இதுதான் என் வாதத்துக்கு வரக்கூடிய கடுமையான மறுப்பு. காப்பகத் தாள்களை மட்டும் நம்பும் வரலாற்றாசிரியர்கள் உள்ளூர அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை என்கிறேன். தரையில் நின்றவர்கள் ஒரு விஷயத்தில் அதிகாரிகளைவிடச் சரியாகத் தெரிந்துகொண்டார்கள்: தங்களைக் காக்க யாராலும் முடியவில்லை என்பதை. கொழும்பில் அரசாங்கம் வெற்றிக் கணக்கை அறிவித்துக்கொண்டிருந்தபோது, துறைமுகத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலையை விட்டு ஊருக்குப் போனார்கள். நகரத்தில் குடும்பங்கள் மூட்டை கட்டின. அங்கோடை மனநோய் மருத்துவமனையில்கூடக் குண்டு விழுந்திருந்தது. நகரைக் காக்கும் பொறுப்பிலிருந்த குடிசார் பாதுகாப்பு ஆணையாளர் ஆலிவர் குணதிலக முன்னேற்பாடுகளைத் திறமையாகவே செய்திருந்தார். இருந்தாலும் மக்கள் போனார்கள். எத்தனை விமானம் விழுந்தது என்ற கணக்கில் தவறியவர்கள், அன்றைய காலை யார் கை மேலோங்கியது என்பதில் தவறவில்லை. அவர்களின் வாயைவிடக் கால்கள் சரியான சாட்சியம் சொன்னன.

இதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, அது நமக்கு அருகிலேயே கிடக்கிறது. சென்னையில் அந்த ஏப்ரலில் யாரும் விமானம் விழுவதைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின, அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் சென்னை காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பின. ரயில் நிலையங்களில் இடமில்லை. பார்த்த கொழும்பும் ஓடியது, பார்க்காத சென்னையும் ஓடியது என்றால், ஓடியதைப் பார்த்ததன் சான்றாக எடுத்துக்கொள்வது எப்படி? சென்னையை ஓட வைத்ததில் பாதி அரசாங்கமே. ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்று நம்பி வெளியேறச் சொன்னது அது. மீதிப் பாதி, பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்து சேர்ந்த உறவினர்கள் சொன்ன கதைகள். சென்னை அச்சத்தால் நகர்ந்தது, கொழும்பு அனுபவத்தால் நகர்ந்தது என்று பிரித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் மூட்டையோடு போகிற இரண்டு குடும்பங்களை வைத்து அதைப் பிரிக்க முடியாது என்பதால், என் முந்தைய வரியின் பலம் சற்றுக் குறைகிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பாதையில் போனால் உப்புவெளியில் போர்க் கல்லறை வருகிறது. நன்றாகப் பேணப்படும் புல். ஒரே அளவுக் கற்கள். பெயர், பதவி, படைப்பிரிவு, நாள், வயது. விழுந்தவரைப் பற்றி இவ்வளவு சொல்லும் கல், எப்படி விழுந்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் இந்த வழக்கம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. தெற்கே மட்டக்களப்புக்குப் போனால், அதே ஏப்ரல் 9 முற்பகலில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் ஹெர்மிஸ் கப்பல் கரையிலிருந்து சில மைல் தூரத்தில் அடியில் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள்; வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேர் வரை காப்பாற்றியது. கரையில் இருந்தவர்கள் புகையை மட்டுமே பார்த்திருக்க முடியும். அதனால்தானோ என்னவோ ஹெர்மிஸைச் சுற்றி வீரக் கதை எதுவும் முளைக்கவில்லை. தப்பியவர்களின் நிதானமான வாக்குமூலங்களே இருக்கின்றன.

சீனக்குடாத் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன: 14 இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்திடம். காடு வெட்டப்பட்டு, துரு சுரண்டப்பட்டு, தாங்கிகள் ஒவ்வொன்றாகப் பயன்பாட்டுக்கு வரும்போது 91ஆம் எண்ணை என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். அந்த இரும்பைக் கழிவாக விற்றுவிடக் கூடாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் தற்கொலைக் கதையைக் கல்லில் வெட்டி வைக்கவும் கூடாது. தியாகக் கதை இல்லாவிட்டால் பயணிகள் எதற்கு வருவார்கள் என்று சுற்றுலாத் துறையினர் கேட்கலாம். கனியோஹேயில் ஈடா விழுந்த இடத்தில் அமெரிக்கர்களே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஜப்பானிய விமானம் மோதிய இடம், ஓட்டியவர் பெயர், பதவி, நாள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நோக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் அது போற்றப்படுகிறது. சீனக்குடாவில் அந்த அளவுக்கு எழுதுவதற்கே முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருக்கிறது. நகுமோவின் ஒவ்வொரு கப்பலும் அன்றன்று பறந்த விமானங்களையும் அவற்றில் இருந்தவர்களையும் பெயர் வாரியாக எழுதிவைத்த செயற்பதிவேடுகள் டோக்கியோவில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. சீனக்குடா வழிகாட்டிகள் அந்த மூவருக்குச் சொல்லும் பெயர்களை ஏப்ரல் 9ஆம் தேதிப் பக்கங்களோடு ஒப்பிட ஒரு வாரம் போதும்.